இயல் 6: ஸ்லூ கிரீக் — லமார் பள்ளத்தாக்கில் கூடாரமிட்டு விலங்கு காணல்

யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்கு வருவோரில் பெரும்பாலோர் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். விலங்குகளுக்காகவே வருபவர்களோ பூங்காவின் வடகிழக்கே விரியும் லமார் பள்ளத்தாக்கை நாடுகின்றனர். அப்பள்ளத்தாக்கை ஒட்டி, கடல் மட்டத்திலிருந்து 1,905 மீட்டர் உயரத்தில், ஸ்லூ கிரீக் என்னும் ஓடையின் கரையில், 16 கூடார இடங்களை மட்டுமே கொண்ட முகாம் ஒன்று அமைந்துள்ளது. மின்சாரம், குளியலறை, ஜெனரேட்டர் ஆகிய எவற்றுக்கும் அங்கு இடமில்லை; கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்கும் என்றும் எதிர்பார்க்க முடியாது. கழிப்பறைகள் தண்ணீர் ஊற்றித் தள்ளும் வகையல்ல. கழிவு கீழேயுள்ள மூடிய தொட்டியில் விழுந்து சேரும் வகையாகும்.

இத்தனை வசதிக் குறைவுக்கும் ஈடாக அங்கு கிடைப்பது, விடியற்காலையில் கூடாரத்தைவிட்டு எழுந்த சில நிமிடங்களில் ஓநாய்களின் வாழிடத்தைச் சென்றடையும் வாய்ப்பு. யெல்லோஸ்டோனின் ஓநாய்கள் 1926-ஆம் ஆண்டளவில் வேட்டையாடி ஒழிக்கப்பட்டுவிட்டன. 1995, 1996 ஆகிய இரு ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்கள் கொண்டுவரப்பட்டு, அடைப்புகளில் சில வாரங்கள் பழக்கப்பட்ட பின் விடுவிக்கப்பட்டன. அந்த அடைப்புகளில் முதலில் எழுந்தவை லமாரைச் சுற்றியே அமைக்கப்பட்டிருந்தன. பள்ளத்தாக்கு மரங்களற்ற புல்வெளியாக இருப்பதால், இரண்டு மூன்று கிலோமீட்டர் தொலைவில் நடமாடும் விலங்கையும் சாலையோரத்தில் நின்றபடியே பார்த்துவிட முடிகிறது.

இந்த இயலில் வரும் விதிகள் யாவும் ஒரே கருத்தின் விரிவுகளே: மனிதரின் உடலும் உணவும் விலங்கைவிட்டு விலகியே இருக்க வேண்டும், பார்வை மட்டும் கண்ணாடி வழியே அருகில் செல்லலாம்.

காலமும் முன்பதிவும்

முகாம் பொதுவாக ஜூன் நடுப்பகுதி முதல் அக்டோபர் தொடக்கம் வரையே திறந்திருக்கும். இக்கால அளவுக்குள்ளும் ஒவ்வொரு மாதத்திற்கும் தனித்தனிக் குணம் உண்டு.

ஜூனில் பனி உருகி ஓடைகள் கரைபுரண்டு ஓடும்; பைசன் கன்றுகளும் எல்க் கன்றுகளும் பிறந்து சில வாரங்களே ஆகியிருக்கும் என்பதால், அவற்றைத் தேடி வரும் கரடிகளும் ஓநாய்களும் தாழ்ந்த புல்வெளிகளில் தென்படும். (எல்க் என்பது கடமானைவிடப் பெரிய, கிளைத்த கொம்புடைய மான், இங்குக் கூறப்படும் பைசன் அமெரிக்கச் சமவெளியின் கம்பளி மயிர் போர்த்த மாட்டினம், தமிழக மலைகளில் பேச்சு வழக்கில் பைசன் எனப்படும் காட்டுமாடு அன்று.) ஜூலையில் கொசுத் தொல்லையும் கூட்டமும் மிகும். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை பைசன் காளைகளின் இணைசேர் காலமாதலால் அவற்றின் உறுமலைக் கூடாரத்திலிருந்தே கேட்கலாம். செப்டம்பரில் எல்க் காளைகள் சீழ்க்கைபோன்ற குரலெழுப்பும். கூட்டம் குறையும், குளிர் ஏறும். முதல் முறையாகச் செல்பவருக்குச் செப்டம்பர் முதல் பாதியே சிறந்தது; விலங்குகளின் குட்டிகளைக் காண விரும்புபவர் மட்டும் ஜூன் இறுதியின் கொசுவையும் ஈரத்தையும் பொறுத்துக்கொள்ளலாம்.

1. முன்பதிவு அமெரிக்க அரசின் ரெக்ரியேஷன் டாட் கவ் இணையதளம் வழியாக நடைபெறுகிறது. இடங்கள் 16 மட்டுமே என்பதால் பல மாதங்களுக்கு முன்பே அவை நிரம்பிவிடும். பதிவு திறக்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே அறிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.
2. வார நடுவில் தொடர்ந்து மூன்று இரவுகளாவது கிடைக்குமாறு தேட வேண்டும். ஓர் இரவு மட்டும் தங்குபவருக்கு ஒரே ஒரு விடியல்தான் வாய்க்கும். அன்று மூடுபனி இறங்கிவிட்டால் வந்த நோக்கமே பாழாகும்.
3. வாகன இல்லம் கொண்டுவர எண்ணுபவர் அதன் நீளத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். முதன்மைச் சாலையிலிருந்து முகாமுக்குச் செல்லும் சுமார் 3 கிலோமீட்டர் மண்பாதையும் முகாமின் குறுகிய வளைவுகளும் கூடாரத்துக்கும் சிறு வாகனத்துக்குமே ஏற்றவை.
4. புறப்படுவதற்கு முந்தைய நாள் பூங்காவின் சாலை நிலவரத்தைப் பார்க்க வேண்டும். 2022 ஜூனில் பெருவெள்ளம் வடக்கு, வடகிழக்குச் சாலைகளைப் பல இடங்களில் அரித்துச் சென்றதையடுத்து அப்பகுதி மாதக்கணக்கில் மூடப்பட்டிருந்தது.

குறிப்பு: முகாமில் இடம் கிடைக்காதவர் வடகிழக்கு வாயிலுக்கு வெளியேயுள்ள சில்வர் கேட், குக் சிட்டி ஆகிய சிற்றூர்களின் விடுதிகளை நாடலாம். அங்குள்ள வன முகாம்களில் சிலவற்றில் கூடாரம் அடிக்க அனுமதி இல்லை. குக் சிட்டிக்கு அருகிலுள்ள சோடா பியூட் முகாமில் 2010 ஜூலையில் ஒரு கிரிஸ்லி கரடி இரவில் கூடாரங்களைத் தாக்கியதில் ஒருவர் இறந்தார், இருவர் காயமடைந்தனர். அதன் பின்னர் உறுதியான சுவருள்ள வாகன இல்லங்களுக்கு மட்டுமே அம்முகாம் ஒதுக்கப்பட்டது.

கொண்டுசெல்ல வேண்டியவை

உயரத்தைப் பார்த்தால் இது ஏறத்தாழக் குன்னூரின் உயரமே. ஆனால் நிலநடுக்கோட்டிலிருந்து மிக விலகி வடக்கே அமைந்திருப்பதால் கோடையின் எந்த மாதத்திலும் இரவில் உறைபனி விழக்கூடும். பகலில் அரைக்கைச் சட்டை போதும் என்ற நிலையைக் கண்டு ஏமாறுபவர் பலர். உறைநிலைக்கும் சில பாகை கீழ்வரை தாங்கும் எனக் குறிக்கப்பட்ட ஸ்லீப்பிங் பேக், அதன் கீழே தரையின் குளிரைத் தடுக்கும் தடித்த விரிப்பு, கம்பளிக் குல்லாய், கையுறை ஆகியவற்றை எந்த மாதத்திலும் விட்டுவிடக்கூடாது. கூடாரத்துக்கு மழை மேலுறையும், காற்றைத் தாங்கும் நீண்ட முளைகளும் தேவை.

பார்வைக் கருவிகளில் இரண்டு வகை உண்டு. பைனாகுலர் பரந்த வெளியைத் துழாவுவதற்கு. 8x42 அல்லது 10x42 என்று குறிக்கப்பட்டது போதும். இதில் முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதையும், இரண்டாம் எண் முகப்புக் கண்ணாடியின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கும். ஸ்பாட்டிங் ஸ்கோப் எனப்படும் ஒற்றைக் குழல் நோக்கி 20 முதல் 60 மடங்கு வரை பெருக்கிக் காட்டும். முக்காலி இன்றி அதனால் பயனில்லை. லமாரில் ஓநாய் காண விரும்புபவருக்கு ஸ்கோப்பே முதன்மைக் கருவியாகும். விலை அதிகம் என்பதால், பூங்கா எல்லையிலுள்ள ஊர்களில் வாடகைக்கு எடுப்பதே அறிவுடைமை. பெரிய லென்ஸுக்குச் செலவழித்துவிட்டு ஸ்கோப் இன்றி வருபவர், படத்தில் ஒரு கரும்புள்ளியை மட்டுமே கொண்டு திரும்புகிறார்.

பியர் ஸ்பிரே எனப்படும் கரடி விரட்டித் தெளிப்பான், மிளகாயின் காரப் பொருளை அழுத்தத்தில் அடைத்த குப்பியாகும். பெரியவர் ஒவ்வொருவரும் ஒன்றை இடுப்பிலோ மார்பிலோ எட்டும்படி அணிந்திருக்க வேண்டும். விமானத்தில் கைப்பையிலும் பெட்டியிலும் இதற்கு அனுமதியில்லாததால், தரையிறங்கிய ஊரிலோ பூங்காவிலோ வாங்க வேண்டியிருக்கும்.

சென்று சேர்தலும் கூடாரம் அமைத்தலும்

போஸ்மன் விமான நிலையத்திலிருந்து வருபவர் கார்டினர் ஊரின் வடக்கு வாயில் வழியே நுழைந்து, மாமத், டவர் சந்திப்பு ஆகியவற்றைக் கடந்து, வடகிழக்குச் சாலையில் சென்று மண்பாதையில் திரும்ப வேண்டும்.

1. கார்டினரிலோ டவர் சந்திப்பிலோ எரிபொருளை நிரப்பிக்கொள்ள வேண்டும். லமாரில் எரிபொருள் நிலையம் இல்லை.
2. ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் கணக்கில் குடிநீரைக் கொண்டுசெல்ல வேண்டும். முகாமின் நீர்க்குழாய் இயங்கினால் நல்லது. அதை நம்பியே செல்லக்கூடாது. ஓடை நீர் பளிங்குபோல் இருந்தாலும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஜியார்டியா என்னும் ஒட்டுண்ணி அதில் இருக்கலாம் என்பதால் கொதிக்கவைத்தோ வடிகட்டியோதான் பருக வேண்டும்.
3. பிற்பகல் இரண்டு மணிக்குள் சென்று சேருமாறு திட்டமிட வேண்டும். கோடைப் பிற்பகல்களில் இடியுடன் மழை வருவது வழக்கம். மழைக்கு முன் கூடாரம் எழுந்துவிட வேண்டும்.
4. கூடாரத்தை இறக்கும் முன் தமக்குரிய இடத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். புல் நசுங்கிய தடம், வட்டமாகத் தேய்ந்து மண் தெரியும் பள்ளம், காய்ந்த சாணம் ஆகியவை பைசன் நடந்து, புரண்டு, படுத்த இடத்தைக் காட்டும். அத்தடத்தின் குறுக்கே கூடாரம் கூடாது. பைசன் தன் வழக்கமான பாதையை மாற்றிக்கொள்ளும் என நம்புவதற்கில்லை.
5. சமைக்கும் மேசையிலிருந்து கூடாரத்தை, ஒதுக்கப்பட்ட எல்லைக்குள் இயன்ற அளவு தள்ளி, காற்று அடிக்கும் திசைக்கு எதிர்ப்புறமாக அமைக்க வேண்டும்.
6. முளைகள் அனைத்தையும் அடித்து, கயிறுகளை இழுத்துக் கட்ட வேண்டும். காலையில் அசைவற்றிருக்கும் பள்ளத்தாக்கில் மாலையில் காற்று சுழன்றடிக்கும். முளையடிக்காத கூடாரம் ஓடையில் போய் விழும்.

உணவும் வாசனையும்

இந்த இயலில் மற்றவற்றை மறந்தாலும் இப்பகுதியை மறக்கக்கூடாது. கரடியின் மோப்பம் மிகக் கூர்மையானது. மனித உணவை ஒருமுறை ருசித்த கரடி அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும், இறுதியில் அதைக் கொல்லவோ அப்புறப்படுத்தவோ பூங்கா அலுவலர் கட்டாயத்துக்கு ஆளாவர். அலட்சியத்தின் விலையைக் கொடுப்பது பெரும்பாலும் விலங்கே.

விதி எளியது: கையில் பயன்பாட்டில் இல்லாத, வாசனையுள்ள எப்பொருளும் பூட்டிய வாகனத்துக்குள்ளோ, முகாமிலுள்ள இரும்பு உணவுப் பெட்டகத்துக்குள்ளோ இருக்க வேண்டும். இப்பெட்டகத்தின் தாழ்ப்பாள், கரடியின் பாதம் நுழைய முடியாத குறுகிய குழிக்குள் விரலைவிட்டுத் திறக்கும்படி அமைந்திருக்கும். தாழ் விழுந்த ஓசை கேட்ட பிறகும் கதவை ஒருமுறை இழுத்துப் பார்ப்பது நல்லது.

வாசனையுள்ளது எது என்பதில்தான் பலர் தவறுகின்றனர். அரிசி, பருப்பு, பழம் ஆகியவற்றை எவரும் மறப்பதில்லை. பற்பசை, சோப்பு, உதட்டுப் பசை, தலையெண்ணெய், விபூதிப் பையில் கிடக்கும் கற்பூரம், குழந்தையின் பால்புட்டி, இருமல் மருந்து, காலியான குளிர்பெட்டி, கழுவிய வாணலி, அடுப்பு, குப்பைப் பை ஆகியவையும் உணவாகவே கருதப்பட வேண்டும். குழந்தைகள் சட்டைப்பையில் வைத்து மறந்துபோகும் முறுக்குத் துண்டு, இரவில் கூடாரத்தின் வாசலுக்குக் கரடியை அழைத்துவரப் போதுமானது.

தமிழ்ச் சமையலுக்கு இங்குச் சில தனி எச்சரிக்கைகள் தேவைப்படுகின்றன. கருவாடு, மீன் குழம்பு, நெய்யில் தாளிதம் ஆகியவற்றை இந்தப் பயணத்தில் தவிர்ப்பதே நலம். அவற்றின் மணம் துணியிலும் முடியிலும் மணிக்கணக்கில் தங்கும். வீட்டிலேயே வறுத்துப் பொடித்த பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், சப்பாத்தி, உலர் உப்புமாக் கலவை ஆகியவை போதும். மேலும் இவ்வுயரத்தில் தண்ணீர் சுமார் 93 அல்லது 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாமல் எரிபொருள் தீர்ந்துபோகும். சிறிய குக்கர் ஒன்று இருந்தால் இத்தொல்லை இல்லை.

சமைக்கும் வரிசை:

1. பொழுது வெளிச்சமாக இருக்கும்போதே சமைத்து உண்டு முடிக்க வேண்டும்.
2. ஒரு வேளைக்குத் தேவையான பொருளை மட்டும் பெட்டகத்திலிருந்து எடுத்து, உடனே மூட வேண்டும்.
3. சமைக்கும் இடத்தைவிட்டு அனைவரும் ஒரே நேரத்தில் நீங்கக்கூடாது. கரடி வராவிட்டாலும் அண்டங்காக்கை வந்துவிடும். யெல்லோஸ்டோனின் அண்டங்காக்கைகள் பையின் ஜிப்பை அலகால் இழுத்துத் திறக்கப் பழகியவை.
4. உண்டபின் மேசையைத் துடைத்து, சிந்திய பருக்கைகளைப் பொறுக்கிக் குப்பைப் பையில் இட வேண்டும். பாத்திரம் கழுவிய நீரை ஓடையிலோ புதரிலோ ஊற்றக்கூடாது. வடிகட்டி, சக்கையைக் குப்பையோடு சேர்த்து, நீரை முகாம் அறிவிப்புப் பலகை காட்டும் இடத்தில் கொட்ட வேண்டும்.
5. சமைத்தபோது உடுத்திய உடையைக் களைந்து வாகனத்தில் வைத்துவிட்டு, வேறு உடை அணிந்து உறங்க வேண்டும்.
6. உறங்கப் போகும்முன் ஒருவர் விளக்குடன் முகாமைச் சுற்றி வந்து பார்ப்பதை அன்றாடக் கடமையாக்கிக்கொள்ள வேண்டும். கூடாரத்துக்குள் இருக்க வேண்டியவை உறக்கப் பொருட்கள், நெற்றி விளக்கு, கார்ச் சாவி, பியர் ஸ்பிரே ஆகிய நான்கு மட்டுமே.

விடியலில் விலங்கு காணல்

ஜூன் இறுதியில் இங்குக் கதிரவன் காலை ஐந்தரை மணியளவிலேயே எழுந்துவிடும். அந்திவெளிச்சம் இரவு ஒன்பது மணிக்கு மேலும் நீடிக்கும். விலங்குகள் நடமாடுவது இவ்விரு முனைகளிலும்தான். நண்பகலில் அவை நிழலில் படுத்துவிடுவதோடு, சூடேறிய தரையிலிருந்து எழும் கானல் ஸ்கோப்பின் காட்சியைக் குழப்பிவிடவும் செய்கிறது. ஆகவே பகலில் உறங்கி விடியலில் விழிப்பதே லமாரின் ஒழுங்கு.

1. முந்தைய இரவே முக்காலி, ஸ்கோப், பைனாகுலர், குளிருடை ஆகியவற்றை வாகனத்தில் ஏற்றிவிட வேண்டும். அதிகாலை இருட்டில் கதவைத் திறந்து மூடும் ஓசை முகாம் முழுவதையும் எழுப்பிவிடும்.
2. முதல் வெளிச்சத்துக்கு முன்பே புறப்பட்டு, மண்பாதையில் மெதுவாக ஓட்ட வேண்டும். கரிய பைசன் கரிய சாலையில் நிற்பது முகப்பு விளக்கிலும் கடைசி நொடியில்தான் தெரியும்.
3. சாலையோர ஒதுங்கிடங்களில் மட்டுமே வண்டியை நிறுத்த வேண்டும். நான்கு சக்கரங்களும் வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் இருத்தல் அவசியம்.
4. முதலில் பைனாகுலரால், இடமிருந்து வலமாக, பட்டை பட்டையாகத் துழாவ வேண்டும். காட்டின் விளிம்பு, ஆற்றங்கரை, மலைச்சரிவின் சேஜ் புதர்த் திட்டுகள் ஆகியவற்றை இருமுறை பார்க்க வேண்டும். விலங்கின் உருவத்தைத் தேடுவதைவிட அசைவைத் தேடுவதே பலன் தரும்.
5. பிற விலங்குகளின் நடத்தையைப் படிக்க வேண்டும். மேய்ந்துகொண்டிருந்த எல்க் மந்தை தலை தூக்கி ஒரே திசையை நோக்கினால் அத்திசையில் ஏதோ வருகிறது என்று பொருள். அண்டங்காக்கைகளும் கழுகுகளும் ஓரிடத்தில் இறங்கி ஏறினால் அங்கு இரை கிடக்கிறது. இரை கிடக்குமிடத்தில் ஓநாயோ கரடியோ வந்து போகும், எனவே அங்குப் பொறுமையாகக் காத்திருப்பது பெரும்பாலும் வீண்போகாது.
6. ஐயத்துக்குரிய புள்ளி தென்பட்டால் ஸ்கோப்பை 20 மடங்கில் வைத்துப் பிடித்து, அதன் பின்னரே பெருக்கத்தைக் கூட்ட வேண்டும். தொடக்கத்திலேயே 60 மடங்கில் வைத்துத் தேடுபவர் புல்லை மட்டுமே காண்பார்.

ஓநாய் என நினைத்துக் கயோட்டியைப் பார்த்துத் திரும்புவோர் மிகுதி. கயோட்டி நரியை ஒத்த சிறிய நாயினம். கூர்மூக்கும், தலைக்குப் பெரிதான காதும் உடையது. ஓநாய் அதைவிட மூன்று மடங்கு எடையும், நீண்ட காலும், அகன்ற முகமும், சிறிய வட்டக் காதும் கொண்டது. யெல்லோஸ்டோன் ஓநாய்களில் ஏறத்தாழப் பாதி கறுப்பு நிறமுடையவை என்பதால், கருநிற விலங்கு ஓடினால் அது கயோட்டியாக இருக்க வாய்ப்பில்லை. கரடிகளில் நிறத்தை நம்பக்கூடாது; கருங்கரடியும் பழுப்பாக இருக்கும். தோளில் திமில் போன்ற புடைப்பு இருந்தால் அது கிரிஸ்லி.

ஒதுங்கிடங்களில் ஆண்டுதோறும் வந்து ஓநாய்களைக் கவனிக்கும் ஆர்வலர் கூட்டம் நிற்பது வழக்கம். ஸ்கோப்புகளுக்கு முன்னால் குறுக்கே நடக்காமல், தாழ்ந்த குரலில் கேட்டால் அவர்கள் பெரும்பாலும் காட்டத் தயங்குவதில்லை. ஓநாய்போல் ஊளையிடுவதும், பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்வதும், இரவில் ஒளிவிளக்கைப் பாய்ச்சி விலங்கு தேடுவதும், ட்ரோன் பறக்கவிடுவதும் பூங்காச் சட்டப்படி குற்றமாகும்.

தொலைவு: எண்களும் அவற்றின் பயனும்

கரடி, ஓநாய், பூமா எனப்படும் மலைச்சிங்கம் ஆகியவற்றிடமிருந்து குறைந்தது 91 மீட்டர். பைசன், எல்க் உட்பட ஏனையவற்றிடமிருந்து குறைந்தது 23 மீட்டர். விலங்கே நெருங்கி வந்தாலும் விலக வேண்டியவர் மனிதரே. தொலைவைக் கணிக்க எளிய வழி ஒன்று உண்டு: கையை முழுவதும் நீட்டி, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை உயர்த்தினால் விலங்கு முழுவதும் விரலுக்குப் பின்னால் மறைய வேண்டும், மறையாவிட்டால் பின்வாங்க வேண்டும்.

யெல்லோஸ்டோனில் மனிதரை மிகுதியாகக் காயப்படுத்திய விலங்கு கரடியன்று, பைசனே. 900 கிலோ வரை எடையுள்ள காளை, மனிதரைவிட மூன்று மடங்கு வேகத்தில் ஓடும். அது சாதுவாக மேய்வதைக் கண்டு படமெடுக்க நெருங்குவதே விபத்துகளின் வழக்கமான தொடக்கம். வால் மேல்நோக்கி நிமிர்தல், தலையை ஆட்டுதல், காலால் மண்ணைக் கிளறுதல், உறுமுதல் ஆகியவை பாய்வதற்கு முந்தைய அறிகுறிகள்; இவற்றில் ஒன்று தெரிந்தவுடன் வாகனத்துக்குப் பின்னாலோ மரத்துக்குப் பின்னாலோ விலகிவிட வேண்டும். முகாமுக்குள்ளேயே பைசன் வந்தால் கூடாரத்துக்குள் புகுந்து ஒளிவதால் பயனில்லை. வாகனத்துக்குள் ஏறி, அது போகும்வரை காத்திருக்க வேண்டும். அது ஒரு மணி நேரமானாலும் ஆகலாம்.

கரடியை எதிர்கொண்டால்

முகாமிலிருந்து மேலே செல்லும் ஸ்லூ கிரீக் நடைபாதை, பூங்காவுக்கு வெளியே வடக்கிலுள்ள சில்வர் டிப் என்னும் தனியார் பண்ணைக்குச் செல்லும் பழைய வண்டித்தடமாகும். இன்றும் குதிரை வண்டிகள் அவ்வழியே செல்வதுண்டு, எதிரே வந்தால் பள்ளப் பக்கம் ஒதுங்கி அசையாமல் நிற்க வேண்டும். ஏற்றம் ஏறி சுமார் 3 கிலோமீட்டரில் முதல் புல்வெளி வரும். அங்குக் கிரிஸ்லிகள் நடமாடுவதால் மூவருக்குக் குறையாமல், வளைவுகளில் உரக்கப் பேசியோ கைதட்டியோ, பகல் வெளிச்சத்தில் மட்டும் செல்ல வேண்டும்.

1. தொலைவில் கரடி தெரிந்தால், அது பாராதிருக்கும்போதே வந்த வழியே அமைதியாகத் திரும்ப வேண்டும்.
2. அருகில் திடீரென எதிர்ப்பட்டால் ஓடக்கூடாது, கத்தக்கூடாது, முதுகு காட்டக்கூடாது. குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு மெல்லப் பின்வாங்கியபடியே ஸ்பிரேயின் பாதுகாப்பு முளையைக் கழற்ற வேண்டும்.
3. கரடி பாய்ந்து வந்தால் நின்ற இடத்திலேயே நின்று, அது 9 முதல் 18 மீட்டர் தொலைவுக்குள் வரும்போது, சற்றுத் தாழ்வாகக் குறிவைத்துத் தெளிக்க வேண்டும். அது திரும்பும்வரை நிறுத்தக்கூடாது. பாய்ச்சல்களில் பல மிரட்டலாகவே முடிந்துவிடும்.
4. தற்காப்புக்காகத் தாக்கும் கிரிஸ்லி உடலைத் தொட்டுவிட்டால், முதுகுப்பையைக் கழற்றாமல் குப்புறப் படுத்து, கால்களை அகற்றி, கைகளைப் பிடரியில் கோத்து, அது நீங்கிச் செல்லும்வரை அசையாதிருக்க வேண்டும்.
5. கருங்கரடி தாக்கினாலோ, எக்கரடியாயினும் இரவில் கூடாரத்துக்குள் நுழைந்தாலோ, செத்ததுபோல் கிடக்கக்கூடாது. அது இரை தேடி வந்த தாக்குதல் என்பதால் ஸ்பிரே, கல், தடி, கத்தல் என எல்லாவற்றாலும் எதிர்க்க வேண்டும்.

குறிப்பு: பியர் ஸ்பிரேயைக் கொசு விரட்டிபோல் உடலிலோ கூடாரத்திலோ முன்கூட்டியே பூசுபவர்கள் உண்டு. அது பாதுகாப்புத் தராது. தோலையும் கண்ணையும் எரிக்கும். வெயிலில் நிறுத்திய காரினுள் குப்பியை விட்டுச் சென்றால் வெடிக்கவும் கூடும்.

தீயும் மின்னலும்

1988-ஆம் ஆண்டுத் தீ பூங்காவின் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பரப்பைத் தொட்டது. தீத்தடை அறிவிப்பு நடப்பில் உள்ளதா என்பதை வந்தவுடன் பார்க்க வேண்டும். தடை இல்லாதபோதும் இரும்பு வளையத்துக்குள் மட்டுமே சிறு தீ மூட்ட வேண்டும். உறங்குமுன் நீர் ஊற்றி, கிளறி, மீண்டும் ஊற்றி, சாம்பலின் மேல் புறங்கையை நீட்டிச் சூடு இல்லையெனத் தெளிந்த பின்னரே நீங்க வேண்டும். உணவுச் சக்கையைத் தீயில் போடக்கூடாது. அது முழுதும் எரியாது, மணம் மட்டும் பரவும். இடி கேட்டவுடன் முக்காலியை மடக்கிவிட்டுக் காருக்குள் சென்றுவிட வேண்டும். வெட்டவெளியில் உயர்ந்து நிற்கும் பொருளாக மனிதரே இருப்பார்.

புறப்படும் நாள்

1. கூடாரத்தின் அடித்துணியில் படிந்த ஈரத்தைத் துடைத்து மடக்க வேண்டும். இயலாவிட்டால் அன்றிரவே எங்காவது விரித்து உலர்த்த வேண்டும்.
2. பெட்டகத்தின் உள்மூலைகளைக் கையால் தடவிப் பார்த்து, எஞ்சிய பொருளை எடுத்தபின் காலியானாலும் தாழிட வேண்டும். அடுத்து வருபவருக்கு எனப் பருப்போ ஊறுகாயோ விட்டுச் செல்வது நல்லெண்ணம்தான், ஆனால் அங்கு அது கூடாத வழக்கம்.
3. கரடி, மலைச்சிங்கம் ஆகியவற்றை முகாமருகே கண்டிருந்தால் இடத்தையும் நேரத்தையும் குறித்து, டவர் அல்லது மாமத் பகுதியிலுள்ள ரேஞ்சரிடம் தெரிவிக்க வேண்டும். ஓநாய்க் குகை போன்ற இடங்களைச் சமூக ஊடகங்களில் வெளியிடுவதைத் தவிர்க்க வேண்டும்.
4. பயன்படுத்தாத பியர் ஸ்பிரேயையும் எரிவாயுக் குப்பியையும் விமான நிலையத்துக்கு எடுத்துச் செல்லாமல், வழியில் திரும்பப் பெறும் கடையிலோ பூங்காவின் சேகரிப்புத் தொட்டியிலோ ஒப்படைக்க வேண்டும். குப்பைத் தொட்டியில் எறிந்தால், குப்பையை அழுத்தும் வண்டியில் குப்பி உடைந்து பணியாளரின் கண்ணைத் தாக்கும்.